பளபளக்கும் பாகங்கள்: தேடுவதும் பொருத்துவதும்

அம்பாசடருக்கு கிளட்ச் பிளேட்டோ பிரேக் ஷூவோ வேண்டுமென்றால் இன்றும் அதிகம் அலைய வேண்டியதில்லை. அதே வண்டியின் 1960-களின் முன்கிரில் கிடைப்பது அபூர்வம். தேய்கிற பாகம் இல்லாமல் வண்டி ஓடாது என்பதால் அதைச் செய்து விற்க ஆட்கள் எப்போதும் இருந்தார்கள். கிரில், பம்பர், விளக்கு வளையம், சைடு பீடிங், மோனோகிராம், வீல் கப், கதவுக் கைப்பிடி, டோர் பேட் முதலியவை அப்படியல்ல. ஒன்று விழுந்துபோனால் டாக்சிக்காரர் அப்படியே ஓட்டினார். சொந்த வண்டி வைத்திருந்தவர் பெயின்ட் அடிக்கும்போது அது இருந்த துளையை அடைத்துவிட்டார், அல்லது அப்போது கடையில் இருந்த புது மாடல் பாகத்தை மாட்டிக்கொண்டார். எஞ்சின் வேலை ஒரு மாதத்தில் முடிந்த பிறகும் ஒரு மோனோகிராமுக்காக வண்டி ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது இதனால்தான்.

கையில் இருக்கும் பழைய பாகம் உடைந்ததாக இருந்தாலும், துருவேறியதாக இருந்தாலும், அதுதான் இந்த வேலையின் மூலதனம். அளவு, வளைவு, உலோகம், பூட்டும் முறை எல்லாம் அதில்தான் இருக்கின்றன. புதியது வண்டியில் ஏறி உட்காரும்வரை பழையதைக் காயலான் கடைக்குப் போடக்கூடாது. பெயின்ட் வேலைக்கு விடும்போது இதைப் பட்டறையில் வாய்விட்டுச் சொல்லிவிடுவது அவசியம். கழற்றிய கிளிப்பும் ஸ்குருவும் பெருக்கித் தள்ளப்படுவது அங்கேதான்.

ஆண்டும் மாடலும்

அம்பாசடர் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதை மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 1957-இல் செய்யத் தொடங்கி 2014-இல் நிறுத்தியது. இத்தனை காலத்தில் கூரையும் கதவும் பின்புறமும் அதிகம் மாறவில்லை. பெரும்பாலும் மாறியது முகம்தான். 1960-களின் தொடக்கத்தில் வந்த மார்க் 2-க்கு நெருக்கமான கட்டம் போட்ட கிரில். 1975-இல் மார்க் 3, 1979-இல் மார்க் 4, 1990-இல் நோவா என்று ஒவ்வொரு முறையும் முன்பக்கம் திருத்தப்பட்டது. உடல் மாறாததால் பிந்தைய பாகத்தைச் சிறு வேலையோடு முந்தைய வண்டியில் ஏற்றிவிட முடியும். இது வசதியும்தான், பொறியும்தான். மார்க் 2 என்று விற்கப்படும் வண்டியில் மார்க் 4-இன் விளக்கு வளையமும் நோவாவின் கைப்பிடியும் இருந்தால் வியப்படைய வேண்டாம். அதைப் பார்த்து அதேபோல் இன்னொன்று தேடினால் தவறு தொடரும்.

ஃபியட் காரில் சிக்கல் பெயரில் இருக்கிறது. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1964 முதல் செய்த ஃபியட் 1100 டிலைட், 1970-களின் தொடக்கத்தில் ஃபியட் பெயரை இழந்து சிறிது காலம் பிரீமியர் பிரெசிடென்ட் ஆனது. 1974-இல் பத்மினி ஆனது. உடல் ஒன்று, மோனோகிராம் மூன்று. பிரெசிடென்ட் என்ற எழுத்து கொஞ்ச காலமே வண்டியில் இருந்ததால் அதைத் தேடுவது மற்ற இரண்டையும் தேடுவதைவிடக் கடினம்.

சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் செய்த ஹெரால்டுக்கு வேறு கதை. அதன் மூலமான ட்ரையம்ஃப் ஹெரால்டுக்கு இங்கிலாந்தில் ரசிகர்களும் உதிரிபாக வணிகர்களும் இன்றும் உண்டு. ஆகவே இரண்டு கதவு ஹெரால்டு வைத்திருப்பவருக்குக் கடல்தாண்டி ஒரு வழி இருக்கிறது. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே உருவானது. அதன் பின்கதவு பீடிங், கண்ணாடி ரப்பர், டோர் பேட் எதுவும் இங்கிலாந்துப் பட்டியலில் இருக்காது. அவற்றை இங்கேயே தேட வேண்டும், அல்லது செய்விக்க வேண்டும்.

வண்டி எந்த வடிவத்தில் ஆலையை விட்டு வெளியே வந்தது என்பதை அறிய ஆர்.சி. புத்தகம் முதல் படி. ஆனால் அதில் பதிவான ஆண்டுக்கும் தயாரான ஆண்டுக்கும் இடைவெளி இருக்கலாம். சேஸி எண்ணைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அடுத்த சான்று பாடியே. கதவின் டோர் பேடைக் கழற்றி உள்பக்கமிருந்து டார்ச் அடித்தால், வெளியே பெயின்டில் மறைந்திருக்கும் அடைத்த துளைகள் வரிசையாகத் தெரியும். பானெட்டின் அடிப்பக்கமும் டிக்கி மூடியின் உள்பக்கமும் அப்படியே. துளைகளின் இடைவெளியை அளந்து குறித்துக்கொண்டால் அங்கே எந்த மோனோகிராம் இருந்தது என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிடலாம். பழைய கல்யாண ஆல்பங்களும் நல்ல ஆவணங்கள். மாலை போட்ட காரின் முன் குடும்பமே நிற்கும் படங்களில், அந்த ஆண்டின் கிரிலும் பம்பரும் திருத்தப்படாமல் பதிவாகியிருக்கும். கோவையின் ஜி.டி. கார் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் பாகங்கள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்பதை நேரில் பார்க்கலாம். அங்கே உள்ளவையும் ஒருமுறை பழுதுபார்க்கப்பட்டவையாக இருக்கலாம் என்பதை மறக்கக்கூடாது.

மத்திய அரசு 2021 ஜூலையில் அறிவித்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாமல் இருக்கும் கார்களை வின்டேஜ் வகையில் தனியாகப் பதிவு செய்யலாம். கணிசமான மாற்றம் கூடாது என்று அந்த விதி சொல்வது சேஸி, பாடி, எஞ்சின் பற்றித்தான். அலங்காரப் பாகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. இருந்தாலும் வண்டியைப் பார்வையிடுபவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். ராலிகளில் மதிப்பெண் குறைவதும் பெரும்பாலும் அங்கேதான்.

என்ன உலோகம்

பளபளப்பதை எல்லாம் பட்டறை வழக்கில் ‘நிக்கல்’ என்று சொல்லிவிடுவதுண்டு. பேச்சுக்கு அது போதும், வேலைக்குப் போதாது. இந்தக் காலத்துக் கார்களில் நான்கைந்து வேறுவேறு பொருள்கள் ஒரே மினுக்கோடு இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் தனி.

பம்பரும் பெரும்பாலான வீல் கப்பும் இரும்புத் தகடு, மேலே முலாம். காந்தம் பலமாக ஒட்டும். துரு செம்பழுப்பாக வரும். கதவுக் கைப்பிடி, மோனோகிராம், சில விளக்கு வளையங்கள் துத்தநாகக் கலவையில் அச்சில் வார்த்து முலாம் பூசியவை. காந்தம் ஒட்டாது, கனமாக இருக்கும், கெட்டால் துரு வராமல் அம்மைத் தழும்புபோலக் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். பின்பக்கத்தைச் சுரண்டினால் சாம்பல் நிறம் தெரியும். மஞ்சள் தெரிந்தால் அது பித்தளை. அது அதிர்ஷ்டம், பித்தளையில் எதையும் சரிசெய்யலாம்.

பீடிங்குகளில் பெரும்பாலானவை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இதற்கு முலாமே கிடையாது, உலோகமே மினுக்குகிறது. இங்கே காந்தச் சோதனை ஏமாற்றும். பாத்திரத்துக்குப் பயன்படும் நிக்கல் கலந்த ஸ்டெயின்லெஸ்ஸில் காந்தம் ஒட்டாது. கார் பீடிங்குக்குப் பரவலாகப் பயன்பட்ட, நிக்கல் சேர்க்காத வகையில் ஒட்டும். காந்தம் ஒட்டியதும் ‘இது இரும்பு’ என்று முடிவுகட்டி நல்ல ஸ்டெயின்லெஸ் பீடிங்கை முலாம் பூசக் கொடுத்தவர்கள் உண்டு. ஓரத்தைத் தேய்த்துப் பார்த்து, அடியிலும் அதே வெள்ளை நிறம் இருந்தால் அது ஸ்டெயின்லெஸ். மிக லேசாக, கையால் வளைகிற மாதிரி இருந்து, மேலே வெண்மையான பூஞ்சை படிந்ததுபோல் மங்கியிருந்தால் அனோடைஸ் செய்த அலுமினியம்.

தேடும் இடங்கள்

தேடப் போகிறவர் பையில் ஒரு காந்தம், ஒரு வெர்னியர், அளவு டேப், பழைய பாகம் அல்லது அதன் காகித அச்சு ஆகியவை இருக்க வேண்டும். காகித அச்சு எடுப்பது எளிது. பாகத்தின் மேல் மெல்லிய தாளை இழுத்துப் பிடித்துப் பென்சிலின் பக்கவாட்டால் தேய்த்தால் ஓரமும் எழுத்தும் துளையும் உண்மை அளவில் விழுந்துவிடும். கைபேசிப் படத்தில் அளவு தெரியாது. படத்தை வைத்து வாங்கிய பாகம் ஒரு விரல் குட்டையாக வருவது சாதாரணம்.

சென்னையில் புதுப்பேட்டை வண்டி உடைக்கும் தொழிலின் மையம். ஜெனரல் பேட்டர்ஸ் சாலை புது உதிரிபாகக் கடைகளுக்குப் பெயர் பெற்றது. டெல்லியில் காஷ்மீரி கேட்டும் மாயாபுரியும், மும்பையில் சோர் பஜாரும், கொல்கத்தாவில் மல்லிக் பஜாரும் இதே வகை. எந்த ஊரில் எந்த வண்டி டாக்சியாக ஓடியதோ அந்த ஊரில் அதன் பாகம் தேடுவதுதான் முறை. அம்பாசடருக்குக் கொல்கத்தா, பத்மினிக்கு மும்பை. மும்பையின் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரோடு சாலையை விட்டுப் போய்விட்டன. அவற்றின் பாகங்கள் சந்தையில் கிடைப்பதும் இனி குறைந்துகொண்டே போகும். ஆனால் டாக்சியாக உழைத்த வண்டியின் மினுக்குப் பாகம் பெரும்பாலும் அடிபட்டதாகத்தான் இருக்கும். மாவட்டத் தலைநகரங்களில், தந்தை நடத்திய கடையை மகன் மூடப்போகும் நிலையில் உள்ள பழைய ஸ்பேர் கடைகளில் இதைவிடச் சிறந்த சரக்கு கிடைக்கலாம். பரணில் எண்ணெய்க் காகிதம் சுற்றிய கைப்பிடியும் வளையமும் விலை ஒட்டியபடியே கிடக்கும். அங்கே ‘இன்ன பாகம் இருக்கிறதா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்ற பதில்தான் வரும். பாகத்தைக் காட்டி, பரணைப் பார்க்க அனுமதி கேட்பதே பலன் தரும். பழைய ஸ்டாக் என்றாலே உயர்வு என்று நினைப்பதில் ஒரு விதிவிலக்கு உண்டு, ரப்பர். முப்பது ஆண்டு பரணில் இருந்த ரப்பர் மாட்டிய மறு கோடையிலேயே வெடித்துவிடும். அதைப் பணம் கொடுத்து வாங்குவது வீண்.

வாங்கும் முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். முன்பக்க மினுக்கு மறுபடி வரவழைக்கக் கூடியது. பின்பக்கத்து ஸ்டட் உடைந்திருந்தால்தான் வேலை கூடும். இடமா வலமா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். சைடு பீடிங்கின் நுனி எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது, கைப்பிடியின் பூட்டுத்துளை எங்கே இருக்கிறது என்பவை அதைக் காட்டிக்கொடுக்கும். கிளிப்புகளோடு சேர்த்துக் கேட்டு வாங்குவது நல்லது. பிறகு அவற்றைத் தனியாகத் தேடுவது பாகத்தைத் தேடுவதைவிட அலுப்பு. நல்ல ஜோடி கிடைக்காவிட்டால் உடைந்த ஒன்றாவது கிடைக்கிறதா என்று பார்க்கலாம். இரண்டு உடைசல் சேர்ந்து ஒரு முழுப் பாகம் ஆவதுண்டு. உடைக்கும் கடையில் வாங்கும் எதற்கும் பில் கேட்க வேண்டும். கடைப்பெயர், தேதி, பாகத்தின் விவரம் எழுதிய சீட்டே போதும்.

புதிதாகச் செய்து விற்கப்படும் நகல்கள் பற்றி ஒரு வார்த்தை. மெல்லிய தகட்டில் முலாம் பூசிய நகல் கிரிலின் கட்டங்கள் மூலத்தைவிட மழுங்கலாக இருக்கும். ஓரம் பானெட்டின் வளைவோடு சேராது. சரிசெய்யக்கூடிய மூலப் பாகம் கையில் இருக்கையில் அதற்கே செலவு செய்வது மேல். நகலின் விலை குறைவாகத் தெரியும். அதை வளைத்துப் பொருத்தும் டிங்கர் கூலியையும் சேர்த்தால் அந்த வித்தியாசம் கரைந்துவிடும்.

சரிசெய்தலும் செய்வித்தலும்

ஸ்டெயின்லெஸ் பீடிங்தான் வீட்டிலேயே சரிசெய்யத் தக்கது. பள்ளத்தைப் பின்பக்கமிருந்து எடுக்க வேண்டும். பீடிங்கின் உள்வளைவுக்கு ஏற்ப இழைத்த கடின மரத்துண்டைத் தாங்கலாக வைத்து, முனை உருட்டிய சிறு உளியால் ஓரத்திலிருந்து நடுவுக்குச் சின்னச் சின்னத் தட்டாகத் தட்ட வேண்டும். ஒரே அடியில் எடுக்கப் பார்த்தால் உலோகம் நீண்டு மேடாகிவிடும். மேட்டை அடக்குவது பள்ளத்தை எடுப்பதைவிடக் கஷ்டம். தட்டல் முடிந்தபின் 320, 400, 600, 1000 என்ற வரிசையில் தண்ணீர்த் தாள் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் திசையை மாற்றித் தேய்த்தால் முந்தைய கீறல் போய்விட்டதா என்பது தெரியும். கடைசியில் பஃப் சக்கரம்.

பஃப் சக்கரம் இந்த வேலையில் மிக அபாயமான கருவி. சக்கரம் பீடிங்கின் நுனியில் மாட்டினால் அதைப் பிடுங்கி வீசும். பீடிங்கும் போகும், கையும் கிழியும். சக்கரத்தின் மையத்துக்குக் கீழே, சுழற்சி ஓரத்தை விட்டு விலகிப் போகும் திசையில்தான் பாகத்தைப் பிடிக்க வேண்டும். நீண்ட பீடிங்கை ஒரு மரச்சட்டத்தில் பொருத்திக்கொள்வது பாதுகாப்பு. துணிக் கையுறையும் தொங்கும் சட்டைக் கையும் கூடாது. கண்ணாடியும் முகமூடியும் வேண்டும்.

அனோடைஸ் செய்த அலுமினியத்தை நேரடியாகப் பாலிஷ் போட முயல்வது பயனற்றது. மேலே உள்ள ஆக்சைடு படலம் பாலிஷை ஏற்காது. அதை நீர்த்த காஸ்டிக் சோடாவில் கழற்ற வேண்டும். கரைசல் அலுமினியத்தையே தின்னக்கூடியது; எரியும் ஹைட்ரஜன் வாயுவையும் வெளிவிடும். திறந்த வெளியில், ரப்பர் கையுறையோடு, படலம் போனதும் உடனே எடுத்துக் கழுவிவிட வேண்டும். பாலிஷ் போட்ட அலுமினியத்தை மறுபடி அனோடைஸ் செய்யாமல் விட்டால் கடற்கரை ஊர்களில் சீக்கிரமே மங்கிவிடும்.

துத்தநாக வார்ப்புதான் தலைவலி. சுமார் 390 டிகிரியிலேயே உருகிவிடுவதால் சாதாரண வெல்டிங் ஆகாது. உடைந்த ஸ்டட்டுக்குப் பதிலாக, பின்பக்கத்தில் தடிப்பான இடமாகப் பார்த்துத் துளையிட்டு, மரை வெட்டி, 3 அல்லது 4 மி.மீ. திருகு ஸ்டட்டை எபாக்சியோடு முடுக்கிவிடலாம். ஆழத்தை டிரில் முனையில் டேப் சுற்றிக் கட்டுப்படுத்தாவிட்டால் முகப்பில் துளை வந்துவிடும். கொப்புளம் எழும்பிய பாகத்துக்குப் பழைய முலாமைக் கழற்றி, ஒவ்வொரு குழியையும் சுத்தமான உலோகம் தெரியும்வரை தோண்டி, செம்பு முலாம் போட்டு, குழிகளை ஈயப்பற்றால் நிரப்பி, தேய்த்து, மறுபடி செம்பு, நிக்கல், குரோம் என்று ஏற்ற வேண்டும். குழியைத் தோண்டாமல் மேலே பூசினால் ஓராண்டுக்குள் அதே இடத்தில் மீண்டும் வெடிக்கும். இதைப் பொறுமையாகச் செய்யும் முலாம் பட்டறைகள் குறைவு. கூலி, பாகத்தின் விலையைத் தாண்டிவிடும். கிடைக்காத பாகம் என்றால் மட்டும் இந்த வழி.

முலாம் என்பதில் குரோம் மிக மெல்லிய மேல்தோல்தான். அரை மைக்ரானைக்கூடத் தொடாது. பளபளப்பையும் பாதுகாப்பையும் தருவது அதன் கீழே இருக்கும் நிக்கல். வெளிப்புறப் பாகத்துக்கு அது 20 முதல் 30 மைக்ரான் இருக்க வேண்டும். மலிவுக் கூலிக்குச் செய்யும்போது குறைக்கப்படுவது இந்த நிக்கல்தான், அன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே எத்தனை மைக்ரான் என்று பேசியே கொடுக்க வேண்டும். குரோம் முலாமை வீட்டில் முயலவே கூடாது. அந்தத் தொட்டியில் இருக்கும் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் புற்றுநோய் தரக்கூடியது. ராணிப்பேட்டையில் மூடிப்போன ஒரு குரோமிய ரசாயன ஆலையின் கழிவு சுற்றுவட்டார நிலத்தடி நீரை என்ன செய்தது என்பது தமிழ்நாட்டுக்குத் தெரிந்ததே.

முலாம் பட்டறைக்குப் போகும் முன் எல்லாப் பாகங்களையும் வண்டியில் ஒருமுறை பொருத்திப் பார்த்துவிட வேண்டும். முலாம் ஏறிய பிறகு வளைத்தால் மேல்தோல் வெடிக்கும். கொடுக்கும் பாகங்களை எண்ணி, படம் எடுத்து, பட்டியலில் பட்டறைக்காரரின் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது. தொட்டியின் அடியில் விழுந்த சிறு வளையம் திரும்பி வராது. எழுத்து உள்ள மோனோகிராமை அதிகம் தேய்க்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். பஃப் செய்பவர் கைப்பழக்கத்தில் எழுத்தின் கூர்மையை வழித்துவிடுவார்.

எங்கும் கிடைக்காத மோனோகிராமைப் பித்தளையில் வார்க்கலாம். வார்ப்பில் கவனிக்க வேண்டியது சுருக்கம். ஆறும்போது பித்தளை சுமார் ஒன்றரை சதவீதம் சுருங்கும். மூலப் பாகத்தையே அச்சாக வைத்து எடுத்தால், 300 மி.மீ. நீள எழுத்துத் தொடர் 4 மி.மீ.-க்கு மேல் குறைந்து வரும். ஸ்டட்டுகள் பாடியின் துளைகளோடு சேராது. அதனால் சுருக்கத்தைக் கூட்டி அச்சைப் பெரிதாகச் செய்ய வேண்டும். இப்போது ஸ்கேன் செய்து முப்பரிமாண அச்சில் எடுத்தால் இது கணினியில் ஒரு எண்ணை மாற்றும் வேலைதான். ஸ்டட்டுகளை வார்ப்பில் சேர்க்காமல், துளைகளை அளந்து பிற்பாடு பற்றவைப்பது இன்னும் பத்திரம்.

பொருத்துதல்

வரிசை முக்கியம்: டிங்கர் வேலை, பாகங்களின் சோதனைப் பொருத்தல், கழற்றல், பெயின்ட், காயவிடல், கடைசிப் பொருத்தல். பெயின்டுக்குப் பிறகு முதன்முறையாகப் பீடிங்கை வைத்துப் பார்ப்பவர் கதவும் மட்கார்டும் ஒரே மட்டத்தில் இல்லை என்பதை அப்போதுதான் கண்டுபிடிப்பார். அந்தக் காலத்துப் பாடிகள் கையால் சரிசெய்யப்பட்டவை. ஒரு வண்டியின் பாகம் அதே மாடலின் இன்னொரு வண்டியில் அப்படியே உட்காராமல் போவது குறையல்ல, இயல்பு. புது பெயின்ட் மேலே காய்ந்தாலும் அடியில் இறுகச் சில வாரங்கள் ஆகும். அவசரப்பட்டுக் கிளிப்பை முடுக்கினால் அதன் கீழ் பெயின்ட் பிதுங்கும்.

சைடு பீடிங்குக்கு முதலில் கதவுகளை எல்லாம் கீலில் சரியாக நிறுத்த வேண்டும். பிறகு முன் மட்கார்டிலிருந்து பின்பக்கம்வரை ஒரே கோடாக மாஸ்கிங் டேப் ஒட்டி, நாலைந்து அடி தள்ளிக் குத்துக்காலிட்டுப் பார்க்க வேண்டும். கண்ணுக்கு நேராகத் தெரிவதே நேர். தரையிலிருந்து அளந்த கோடு உடலின் வளைவோடு சண்டை போடும். முன்கீல் கதவின் முன்னோரம் திறக்கும்போது உள்ளே நகரும். பீடிங் நுனி கதவைத் தாண்டி நீண்டிருந்தால் மட்கார்டில் இடித்துப் பெயின்டை உரிக்கும். இரு பீடிங்குகளுக்கும் இடையே சுமார் 3 மி.மீ. விட்டு, கதவை மெதுவாகத் திறந்து பார்த்துத்தான் முடுக்க வேண்டும்.

புதுத் துளை போட நேர்ந்தால் கதவுக் கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றிவிட வேண்டும். இறக்கிய கண்ணாடி சரியாக டிரில் முனைக்குப் பின்னால்தான் இருக்கும். டேப் மேல் குறி வைத்து, பஞ்ச் அடித்து, 2 மி.மீ. துளையில் தொடங்கிப் பெரிதாக்கலாம். உதிர்ந்த இரும்புத் தூளைக் காந்தத்தாலும் தூரிகையாலும் முழுவதும் எடுக்க வேண்டும். கதவின் அடியில் தங்கினால் அங்கிருந்து துரு கிளம்பும். துளையின் வெட்டிய ஓரத்துக்குச் சிறு தூரிகையால் பிரைமரும் பெயின்டும் தொட்டு, காய்ந்தபின் பின்பக்கம் மெழுகு தெளிக்க வேண்டும். பழைய கார்களில் துரு தொடங்கும் இடங்களில் பீடிங் துளைகளுக்கு முக்கிய இடம் உண்டு.

கிளிப்புகள் பல வகை. பீடிங்கின் உள்ளே நழுவி, ஸ்டட்டும் நட்டுமாக உள்ளிருந்து முடுக்குபவை. துளையில் அழுத்தினால் விரிந்து பிடிப்பவை. மோனோகிராமின் வழவழப்பான ஸ்டட்டில் தள்ளி ஏற்றும் ஸ்பிரிங் நட்டுகள். ஒவ்வொன்றின் கீழும் ரப்பரோ பிளாஸ்டிக்கோ வாஷர் போட்டால் தண்ணீர் உள்ளே போகாது. இரு வேறு உலோகங்கள் நேரடியாகத் தொடுவதும் தவிர்க்கப்படும். அலுமினியமும் இரும்பும், அல்லது ஸ்டெயின்லெஸ்ஸும் வெறும் இரும்பும், உப்புக் காற்றில் ஈரத்தோடு தொட்டுக்கொண்டிருந்தால் இரண்டில் ஒன்று அரித்துப் போகும். சீலன்ட்டாக, வினிகர் வாசம் வரும் சாதாரண சிலிக்கான் கூடாது; அது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் இரும்பை அரிக்கும். நியூட்ரல் வகை சிலிக்கானோ பியூட்டைல் டேப்போ பயன்படுத்தலாம். பீடிங்கை ஏற்றும்போது மேலோரத்தைக் கிளிப்பில் கொக்கிபோல் மாட்டி, கீழோரத்தை உள்ளங்கையால் அழுத்தினால் ‘டக்’ என்று உட்காரும். உட்காராவிட்டால் கிளிப்பின் அகலம் தவறு. சுத்தியலை எடுப்பது தீர்வல்ல. மோனோகிராமின் நட்டுகளை விரல் இறுக்கத்துக்குமேல் கால் சுற்று மட்டும் முடுக்கினால் போதும். துத்தநாக ஸ்டட் முன்னறிவிப்பின்றி முறியும்.

கிரிலை நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் சமமாக முடுக்கி வர வேண்டும். பம்பருக்கு இரண்டு பேர் தேவை. பிராக்கெட் போல்ட்டுகளைத் தளர்வாகப் போட்டு, இருபக்கமும் மட்கார்டிலிருந்து உள்ள இடைவெளியை அளந்து, வாஷர் கூட்டிக் குறைத்துச் சமன் செய்தபின் முடுக்கலாம். அதுவரை மட்கார்டு முனைகளில் தடித்த துணி கட்டி வைப்பது புத்திசாலித்தனம்.

ரப்பர்

ரப்பரைப் பெயர் சொல்லி வாங்குவதைவிட வெட்டுமுகம் காட்டி வாங்குவதே சரி. பழைய ரப்பரிலிருந்து ஒரு துண்டைக் கூரான பிளேடால் குறுக்கே வெட்டி, மை தொட்டுத் தாளில் முத்திரை குத்தினால் வடிவம் துல்லியமாகக் கிடைக்கும். பழையது சுருங்கியிருக்கும் என்பதால் பாடித் தகட்டின் தடிமனையும் கண்ணாடியின் தடிமனையும் தனியாக அளந்து ஒப்பிட வேண்டும். வெயில் படும் இடத்துக்கு ஈ.பி.டி.எம். வகை ரப்பர் இயற்கை ரப்பரைவிட நெடுநாள் உழைக்கும். கதவைச் சுற்றிய ரப்பர் மிகக் கெட்டியாக இருந்தால் கதவு அடைபடாது. அறைந்து சாத்தச் சாத்தப் பூட்டுதான் கெடும்.

முன்கண்ணாடி ரப்பரைக் கண்ணாடியில் சுற்றியபின், தகடு நுழையும் பள்ளத்தில் ஒரு வழவழப்பான கயிற்றை முழுச் சுற்றும் பதிக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவி, வெளியே ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றை மெதுவாக இழுத்தால் ரப்பரின் உதடு தகட்டைத் தாண்டி வந்து உட்காரும். ரப்பருக்குள் மினுக்கு பீடிங் பதியும் வகையாக இருந்தால், சில பட்டறைகள் பீடிங்கை முதலிலேயே ஏற்றிக்கொண்டு கண்ணாடியை வைக்கும், சில பின்னர் ஏற்றும். உலோக பீடிங்குக்கு முதல் முறையே நல்லது. இடத்தில் உட்கார்ந்த ரப்பருக்குள் அதை வளைத்துத் திணிக்கையில் மூலைகள் மடங்கிவிடும்.

உள்ளே

டோர் பேட் பெரும்பாலும் ஹார்டுபோர்டின் மேல் ரெக்சின் ஒட்டியது. அது ஊதி வளைந்திருந்தால் ரெக்சினை மட்டும் மாற்றுவது பயன்படாது. பழைய பலகையை மாதிரியாக வைத்து, 3 மி.மீ. ஈரம் தாங்கும் பிளைவுட்டில் வெட்டி, ஓரங்களுக்கு வார்னிஷ் பூசி, பிறகு ரெக்சின் ஒட்டலாம். பலகையைக் கழற்றும் முன் கண்ணாடி ஏற்றும் கைப்பிடியை எடுக்க வேண்டும். அதன் அடி வளையத்தை உள்ளே அழுத்தினால் ஒரு குறுக்குப் பின்னோ லாட வடிவ ஸ்பிரிங்கோ தெரியும். அது தெறித்து ஓடும் என்பதால் கீழே துணி விரித்துக்கொள்ள வேண்டும். பலகைக்கும் தகட்டுக்கும் இடையே ஆலையில் வைத்த தார்க்காகிதமோ பிளாஸ்டிக் தாளோ பெரும்பாலும் கிழிந்து காணாமல் போயிருக்கும். புதுத் தாளைப் பியூட்டைல் டேப்பால் ஒட்டி, அதன் கீழோரத்தைக் கதவின் உள்பள்ளத்துக்குள் விட வேண்டும். கண்ணாடி வழியே இறங்கும் மழைத் தண்ணீர் அப்போதுதான் கதவின் அடித் துளை வழியாக வெளியேறும், பலகையில் ஊறாது.

எல்லாம் மாட்டியபின் வண்டியை நன்றாக ஓட்டிவிட்டு வந்து பம்பர், கிரில், பீடிங் நட்டுகளை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். அதிர்வில் சில தளர்ந்திருக்கும். பிறகு குழாய்த் தண்ணீரைக் கூரையிலிருந்து வழியவிட்டு, உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்து ஒவ்வொரு துளையையும் ரப்பர் மூலையையும் பார்க்கலாம். ஒழுகும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, காய்ந்த பிறகு அந்த இடத்தை மட்டும் திறந்து சீலன்ட் வைத்தால் போதும்.